நோயோடு இருப்பவரின் குவில்ட்டை முடித்துக் கொடுப்பது எப்படி: புதிதாக லாங்ஆர்ம் வாங்கியவர்களுக்கு

லாங்ஆர்ம் மிஷின், அதாவது குவில்ட்டைப் பெரிய ஃபிரேமில் கட்டித் தையல் போடுகிற நீளக் கை மிஷின், வாங்கி ஆறேழு மாதம் ஆகியிருக்கும். தெரிந்தவர்கள் நாலு பேரின் குவில்ட்டுக்குத் தையல் போட்டுக் கொடுத்து, கையும் கொஞ்சம் பழகியிருக்கும். அப்போது ஒரு நாள் ஒருவர் போன் செய்து, "ஒட்டுத்துணி தைத்து முடித்த மேல்துணி ஒன்பது கிடக்கிறது, எனக்கு உடம்பு சரியில்லை, முடித்துத் தருவீர்களா?" என்று கேட்பார். எனக்கு அப்படி ஒரு போன் வந்தபோது மிஷின் வாங்கி எட்டு மாதம். டொராண்டோவில் ஸ்காபரோ பக்கம், வீட்டு பேஸ்மெண்டில் 12 அடி ஃபிரேமைப் போட்டுக்கொண்டு நான் தனியாகச் செய்கிற தொழில் இது. அன்றைக்கு யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைக்கிற விஷயங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குவில்ட் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு மட்டும் ஒரு வரி. மேலே துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த மேல்துணி, நடுவில் பேட்டிங் என்கிற மெல்லிய பஞ்சுத் தகடு, கீழே அடித்துணி, மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிற தையல், சுற்றிலும் ஓரப்பட்டி. நம் பாட்டிமார் பழைய நூல் புடவைகளை மடித்து அடுக்கி ஓட்டுத்தையல் போட்டுக் குழந்தைக்கு விரித்தார்களே, அதற்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. இங்கே மேல்துணியை ஆசையாகத் தைப்பவர்கள் நிறையப் பேர், ஆனால் மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கிற வேலைக்கு இடம், மிஷின், முதுகு மூன்றும் வேண்டும் என்பதால் அதை எங்களைப் போன்றவர்களிடம் கொடுத்துவிடுவார்கள்.

முதல் சந்திப்பு

அவரை உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லாதீர்கள், நீங்கள் போங்கள். போகும் முன் எந்த நாள் வசதி என்று கேளுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் என்றால், கீமோ ஏற்றி 7 முதல் 14 நாள் வாக்கில் பலருக்கு ரத்தத்தில் வெள்ளை அணு இறங்கியிருக்கும், அந்த நாட்களில் சாதாரண ஜலதோஷம்கூட அவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடும். உங்களுக்கு லேசாகத் தொண்டை கரகரத்தாலும் போகாதீர்கள், வாசலில் பையை வைத்துவிட்டு வரச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். எடுத்துக்கொண்டு போக வேண்டியது அளவு நாடா, குண்டூசி, சின்னச் சீட்டுகள், பேனா, போன், சுத்தமான தலையணை உறைகள். அவ்வளவுதான்.

ஒவ்வொரு மேல்துணியையும் விரித்து, நீளத்தில் மூன்று இடம், அகலத்தில் மூன்று இடம் அளந்து எழுதுங்கள். இடது ஓரம் 72 அங்குலமும் நடுவில் 70-உம் இருந்தால் பார்டர், அதாவது மேல்துணியின் சுற்றோரப் பட்டை, அலை அடிக்கும் என்று அங்கேயே தெரிந்துவிடும். படம் எடுங்கள். சீட்டில் எண் போட்டு மேல்துணியில் குத்துங்கள். அப்புறம் ஒன்று, மேல்துணியைத் தையல் போடுவதற்கு முன் துவைக்கவே கூடாது, தையல் ஓரங்கள் நூல் நூலாகப் பிரிந்து வந்துவிடும். சிகரெட் வாசமோ பூஞ்சை வாசமோ இருந்தால் நிழலில் காற்றாட விடுவதோடு சரி.

இப்போது படிவம். அளவு, அடித்துணி, பேட்டிங், தையல் வடிவம், நூல் நிறம், ஓரப்பட்டி, கெடு தேதி என்பவை எல்லாரும் எழுதிக்கொள்வது. என் படிவத்தில் இன்னும் இரண்டு கேள்வி உண்டு. "இது யாருக்கு?" என்பது ஒன்று. "உங்களைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால் யாரிடம் ஒப்படைக்க வேண்டும்?" என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்வியை நோயாளியிடம் மட்டும் தனியாகக் கேட்டால் அது எவ்வளவு கொடுமையாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் அதை எல்லா வாடிக்கையாளருக்குமான படிவத்தில் அச்சடித்தே வைத்துவிட்டேன். இருபத்தைந்து வயதுப் பெண்ணும் நிரப்புகிறார், எழுபது வயது அம்மாவும் நிரப்புகிறார். என்னைக் கூப்பிட்ட அந்த அம்மா, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட டீச்சர், அந்த வரிக்கு வந்ததும் ஒரு வினாடிகூட நிற்காமல் மகளின் பெயரையும் நம்பரையும் எழுதிவிட்டு, "நல்ல கேள்வி, இதை முன்னாடியே யாராவது கேட்பார்கள் என்று பார்த்தேன்" என்றார். நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நம்மவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. உடனே "எல்லாம் சரியாகிவிடும்" என்போம், அல்லது எந்த டாக்டர், எந்த ஸ்டேஜ், மஞ்சள் சாப்பிட்டீர்களா என்று ஆரம்பித்துவிடுவோம். வேண்டாம். அவர் உங்களைக் கூப்பிட்டது துணி விஷயமாக. நாள் முழுக்க ஆஸ்பத்திரிப் பேச்சையே கேட்டு அலுத்தவருக்கு நூல் நிறத்தைப் பற்றி வாக்குவாதம் செய்ய ஒரு ஆள் கிடைப்பதே பெரிய விஷயம். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

எது முதலில் என்பதை அவர் சொல்லட்டும்

ஒன்பது மேல்துணி இருந்தால் நமக்குச் சுலபமானதிலிருந்து ஆரம்பிக்கத் தோன்றும். அளவு சரியாக இருப்பது, அடித்துணி தயாராக இருப்பது என்று. அது நம் வசதி. "இதில் ஒன்றுதான் முடியும் என்றால் எது?" என்று கேட்கலாமா என்றால், கேட்கக் கூடாது. அதையே "எதை முதலில் கையில் பார்க்க ஆசை?" என்று கேட்கலாம். அந்த அம்மா பேரனின் பெரிய கட்டில் குவில்ட்டைச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் எடுத்துக் காட்டியது தனக்கே தனக்கான சின்னது ஒன்று, 40க்கு 50 அங்குலம். கீமோ நாற்காலியில் நாலைந்து மணி நேரம் உட்கார வேண்டியிருக்கிறது, அங்கே குளிர்கிறது என்றார். அந்த அளவு அதற்குச் சரியானது: மடியிலிருந்து பாதம் வரை மூடும், தரையில் புரளாது, ஊசி குத்திய கை வெளியே இருக்கும்.

வரிசை முடிவானதும் ஒவ்வொன்றுக்கும் தேதி போடுங்கள், உங்கள் வழக்கமான காத்திருப்புப் பட்டியலில் அவரை முன்னால் கொண்டுவாருங்கள். மற்றவர்களிடம் காரணம் சொல்ல வேண்டியதில்லை, அவருடைய உடம்பு அவருடைய விஷயம். "உங்களுடையது பத்து நாள் தள்ளிப்போகிறது" என்றால் போதும், இதுவரை ஒருவர்கூட என்னிடம் சண்டை போடவில்லை.

இன்னொன்றை முதல் நாளே செய்துவிடுங்கள், இதைத் தள்ளிப்போட்டு நான் ஒரு முறை பட்டிருக்கிறேன். லேபிள். குவில்ட்டின் பின்பக்க மூலையில் தைக்கிற சின்னத் துணிச்சீட்டு, யார் தைத்தது, யாருக்கு, எந்த வருடம் என்று இருக்கும். எம்ப்ராய்டரி மிஷினில் அழகாக அடித்துத் தரலாம்தான். ஆனால் அவர் கையெழுத்துக்கு ஈடாகாது. வெள்ளைப் பருத்தித் துணியை 4 அங்குலச் சதுரமாக வெட்டி, பின்னால் ஃபிரீசர் பேப்பரின் (ஒரு பக்கம் பிளாஸ்டிக் பூசிய சமையலறைக் காகிதம்) பளபளப்புப் பக்கத்தை வைத்து இஸ்திரி போட்டால் துணி அட்டை மாதிரி விறைப்பாக நிற்கும், எழுதச் சுலபம். துணிக்கான அழியாத மைப் பேனாவைக் கொடுத்து ஒன்பதையும் அன்றே எழுதச் சொல்லுங்கள், ஒரே மூச்சில் முடியாவிட்டால் பேனாவை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். எழுதியதைக் காகிதத்தை உரித்துவிட்டு மறுபடி சூடாக இஸ்திரி போட்டால் மை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். சில கீமோ மருந்துகள் விரல் நுனி நரம்பை மரத்துப்போகச் செய்துவிடும், இரண்டு மாதம் கழித்து அவரால் பேனா பிடிக்க முடியும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. முடிந்தபின் எழுதிக்கொள்ளலாம் என்று நான் விட்ட ஒரு குவில்ட்டில் இன்றைக்கு என் கையெழுத்துதான் இருக்கிறது.

பேட்டிங், அடித்துணி, தையல்

இங்கேதான் புதியவர்கள் கோட்டை விடுவது. நானும் விட்டேன், அதைச் சொல்கிறேன். முதல் குவில்ட் ஆயிற்றே, அவருக்கு ஸ்பெஷலாகச் செய்ய வேண்டும் என்று இறகு வடிவம், நடுவில் குறுக்குக் கட்டம், பின்னணி முழுக்கக் கூழாங்கல் கூழாங்கல்லாகச் சின்ன வட்டங்கள் என்று போட்டுத் தள்ளினேன். 40க்கு 50 அங்குலத் துணிக்கு மூன்று வாரம். போட்டிக்கு அனுப்பியிருந்தால் பரிசு வந்திருக்கும். ஆனால் தையல் அவ்வளவு நெருக்கமானால் துணி மடங்காது, பாய் மாதிரி நிற்கும். அந்த அம்மா தடவிப் பார்த்து "ரொம்ப அழகு" என்று நாற்காலி முதுகில் போட்டுவைத்தார். அடுத்த முறை போனபோதும் அது அங்கேயேதான் இருந்தது, அவர் போர்த்தியிருந்தது கடையில் வாங்கிய ஃபிளீஸ் போர்வை. இரண்டாவது குவில்ட்டில் ஓரத்திலிருந்து ஓரம் பெரிய பெரிய சுழிகளாக ஒரே பேண்டோகிராஃப் (திரும்பத் திரும்ப வருகிற ஒரே தையல் வடிவம்), ஒரு நாள் வேலை. அதைத்தான் கழுத்து வரை இழுத்து மூடிக்கொண்டார்.

ஆகவே உடம்பில் போர்த்தப் போகிறார் என்றால் பெரிய, திறந்த வடிவம். தையல் கோடுகளுக்கு நடுவே 3 அங்குலம்வரை இடைவெளி விடலாம். எவ்வளவு தூரம் தாங்கும் என்று பேட்டிங் உறையில் போட்டிருக்கும், பாருங்கள்: 80க்கு 20 பருத்தி பாலியெஸ்டர் கலவைகளில் 4 அங்குலம் என்று போட்டிருப்பது சகஜம், சில பருத்திப் பேட்டிங்குகள் 10 அங்குலம்வரை தாங்கும். அங்குலத்துக்கு 10 அல்லது 11 தையல் போதும்.

பேட்டிங்கில் எடையைப் பாருங்கள். முழுப் பருத்தி கனமானது, உடம்பு மெலிந்தவருக்குத் தூங்கும்போது காலை நகர்த்தவே பாரமாக இருக்கும். கம்பளிப் பேட்டிங் எடை குறைவு, கதகதப்பு அதிகம், மடித்து வைத்தாலும் கோடு விழாது, விலைதான் கூட. ஆனால் இரவில் வியர்த்துக் கொட்டுபவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு மெல்லிய பருத்தியே மேல். இதைக் கேட்க நாசூக்கு எதுவும் தேவையில்லை, "உங்களுக்குக் குளிருமா, வியர்க்குமா?" அவ்வளவுதான் கேள்வி. அவர் வீட்டில் வாஷிங் மிஷினைப் போடப்போவது யார் என்பதையும் கேளுங்கள். துணி பற்றி ஒன்றும் தெரியாத கணவரோ மகனோ என்றால், சூடான டிரையரில் போட்டாலும் பிழைத்துக்கொள்கிற பேட்டிங்தான் சரி, கம்பளி வேண்டாம்.

அடித்துணி நான்கு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும், ஃபிரேமில் பிடித்து இழுக்க. 60க்கு 72 குவில்ட் என்றால் 68க்கு 80. 108 அங்குல அகலத் துணி வாங்கினால் 2 கெஜத்தில் முடிந்துவிடும், நடுவில் இணைப்பும் வராது. இணைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் துணியின் ஆலைக்கரையை, அதாவது நெருக்கமாக நெய்த விளிம்பை, வெட்டிவிட்டு இணையுங்கள், இல்லாவிட்டால் அந்த இடம் சுருங்கி இழுக்கும். ஃபிளானல் மென்மையாக இருக்கும் ஆனால் நன்றாகச் சுருங்கும், முதலிலேயே துவைத்துக் காயவைக்க வேண்டும். மிங்கி என்கிற மெத்துமெத்தென்ற பாலியெஸ்டர் துணியைக் குழந்தைகள் மாதிரி பெரியவர்களும் விரும்புகிறார்கள், ஆனால் சூடு ஏறும், ஒரு பக்கமாக இழுபடும், ஃபிரேமில் பலமாக இழுத்துக் கட்டாமல் தளர்வாக விட வேண்டும்.

நூல் நிறம், வடிவம் என்று ஒவ்வொன்றுக்கும் போன் செய்யாதீர்கள். முதல் குவில்ட்டில் ஒரே வாரத்தில் மூன்று தடவை கூப்பிட்டேன், மூன்றாவது தடவை "நீயே ஒன்றை எடும்மா" என்றார், குரலில் சலிப்பு. அதற்குப் பிறகு இரண்டே இரண்டு தேர்வு, படத்தோடு, மெசேஜில், கீழே "வியாழன்வரை பதில் வராவிட்டால் முதலாவதைப் போட்டுவிடுகிறேன்" என்று ஒரு வரி. பாதிக்கு மேல் பதில் வராது. பரவாயில்லை, அதுவும் பதில்தான்.

கோணல் தையல்

மேல்துணிகளைத் தேதி வாரியாக அடுக்கினால் தையல் எங்கே தளர ஆரம்பிக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். முதல் ஐந்தில் முனைக்கு முனை ஊசி மாதிரி பொருந்தும், கடைசி இரண்டில் கட்டங்கள் கால் அங்குலம் விலகி நிற்கும், ஒரு தையல் வாயைத் திறந்திருக்கும். திறந்த தையலை மூடுங்கள், அது பாதுகாப்பு. விலகின கட்டத்தைப் பிரித்துச் சரிசெய்யாதீர்கள், கேட்காமல் கண்டிப்பாகக் கூடாது. அவர் அதைத் தைத்த நாளில் எப்படி இருந்தாரோ அப்படித்தான் அது இருக்கிறது. அலை அடிக்கிற பார்டரை மட்டும் ஃபிரேமில் ஏற்றும்போது உண்மையான அளவுக்குக் குண்டூசி போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்கித் தைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். மேல்துணியின் சுற்றோரத்தில் விளிம்பை ஒட்டி அரைக்கால் அங்குலத்தில் ஒரு தையல் ஓட்டிவிட்டு ஏற்றுங்கள், இழுக்கும்போது பிரியாது.

மேல்துணியே பாதியில் நின்றுபோயிருந்தால்? சம்மதம் வாங்கி மீதிக் கட்டங்களை நீங்களே தைக்கலாம், கூலி தனி. உங்களால் முடியாது என்றால் லூஸ் எண்ட்ஸ் என்று ஓர் அமைப்பு இருக்கிறது, அமெரிக்காவில் 2022-இல் இரண்டு பெண்கள் ஆரம்பித்தது. நோயாலோ மரணத்தாலோ பாதியில் நின்ற பின்னல், குவில்ட், எம்ப்ராய்டரி எல்லாவற்றையும் முடித்துத் தருகிற தொண்டர்களைக் குடும்பத்தோடு இணைத்துவிடுகிறார்கள், கூலி கிடையாது.

ஓரப்பட்டி

ஓரப்பட்டியை மிஷினில் ஒரு பக்கம் தைத்து, மறுபக்கத்தைக் கையால் மறைதையல் போட்டு முடிப்பதுதான் இங்கே மரபு, பலர் அந்தக் கைவேலையைத் தாங்களே வைத்துக்கொள்வார்கள். விரல் மரத்தவரால் முடியாது, ஆனால் "என்னால் முடியாது" என்று சொல்லவும் பிடிக்காது. அதனால் விலைப்பட்டியலில் மூன்றையும் போட்டுவையுங்கள்: பட்டி இல்லாமல், ஒரு பக்கம் மட்டும் தைத்து, முழுக்க மிஷினில் முடித்து. அந்த அம்மா முதல் மூன்றைத் தானே எடுத்துக்கொண்டார், நாலாவதிலிருந்து பேசாமல் மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டார்.

கணக்கு சுலபம். 60க்கு 72 என்றால் சுற்றளவு 264 அங்குலம், மூலைக்கும் இணைப்புக்கும் 12 சேர்த்து 276. துணி அகலம் 40 என்று வைத்தால் 7 பட்டிகள், ஒவ்வொன்றும் இரண்டரை அங்குலம், ஆக 17½ அங்குலத் துணி. அரைக் கெஜம் வாங்கினால் சரியாக இருக்கும்.

வாசனை, துவைப்பு

இது முழுக்க நம் வீட்டுப் பிரச்சினை. கீமோவில் இருக்கிற பலருக்கு வாசனை என்றாலே குமட்டும். என் ஃபிரேம் இருப்பது பேஸ்மெண்டில், மேலே சமையலறை. கறிவேப்பிலையும் பெருங்காயமும் போட்டுத் தாளித்தால் அந்த வாசம் பருத்திக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி வேறு. நமக்குத் தெரியாது, வாங்குபவர் மூக்குக்குத் தெரியும். கதவை மூடிவையுங்கள், அவருடைய துணிகளை மூடி போட்ட பெட்டியில் வையுங்கள், ஒட்டும் ஸ்பிரேயும் வாசனைக் கஞ்சியும் வேண்டாம். பூனை நாய் இருந்தால் ஒட்டுருளையால் இருபக்கமும் உருட்டி எடுங்கள்.

தையல் முடிந்த குவில்ட்டைத் துவைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி, சம்மதம் கேட்டுக்கொண்டு. வாசனையில்லாத சோப்பு, குளிர்ந்த தண்ணீர், சாயத்தை உறிஞ்சும் தாள் இரண்டு, சிவப்போ கருநீலமோ இருந்தால் நாலு. சாயம் இறங்கிவிட்டால் பதற வேண்டாம், டிரையரில் மட்டும் போட்டுவிடாதீர்கள், சூட்டில் கறை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும். நிறைய வெந்நீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து இரவு முழுக்க ஊறவைத்து, தண்ணீர் தெளியும்வரை திரும்பத் திரும்பச் செய்தால் பெரும்பாலும் போய்விடும்.

பணம்

60க்கு 72 குவில்ட் 4,320 சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு 2 சென்ட் என்றால் 86 டாலர் 40 சென்ட், பேட்டிங்கும் பட்டியும் தனி. இலவசமாகச் செய்து தரலாமா என்று மனசு அடித்துக்கொள்ளும். நான் அந்த அம்மாவிடம் இலவசம் என்று ஆரம்பித்தேன், அவர் முகம் மாறிவிட்டது. "நான் உன் வாடிக்கையாளர்" என்றார். முழு விலை வாங்கிக்கொண்டேன். உங்களுக்குக் குறைக்க வேண்டும் என்றிருந்தால் பில்லில் பேசாமல் குறைத்துவிடுங்கள், அறிவிக்காதீர்கள். ஆனால் ஒவ்வொரு குவில்ட்டுக்கும் தனித்தனிப் பில், கையில் கொடுத்ததும் அந்தக் கணக்கை முடித்துவிடுங்கள். ஒன்பதுக்கும் சேர்த்து முன்பணம் வாங்கிவிட்டு ஐந்தோடு நின்றால், துக்க வீட்டில் போய்க் கணக்குப் பேச வேண்டியிருக்கும்.

கொடுக்கும் நாள்

முடிந்ததும் ஒவ்வொன்றாகக் கொடுங்கள், எல்லாம் சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், துவைத்த தலையணை உறையில் போடுங்கள். ஜனவரியில் கார் டிக்கியில் வைத்துக் கொண்டுபோனால் துணி பனிக்கட்டி மாதிரி ஆகிவிடும். ஆக்சாலிபிளாட்டின் போன்ற சில மருந்துகளில் குளிர்ந்த பொருளைத் தொட்டாலே விரல்கள் குத்தி வலிக்கும், அதனால் கிளம்பும் முன் பத்து நிமிடம் டிரையரில் சுற்றவிட்டு, முன் சீட்டில் வைத்து ஹீட்டரைப் போட்டுக்கொண்டு போங்கள். உள்ளே கூப்பிட்டால் உட்காருங்கள், கூப்பிடாவிட்டால் வாசலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்புங்கள்.

அந்த அம்மாவின் ஏழு குவில்ட் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. எட்டாவது ஃபிரேமில் இருந்தபோது மகள் போன் செய்தார். படிவத்தில் அவர் பெயர் இருந்ததால், யாரிடம் கேட்பது, எது யாருக்கு என்று நான் ஒரு கேள்விகூடக் கேட்க வேண்டியிருக்கவில்லை, லேபிளும் எழுதியே இருந்தது. மீதி இரண்டையும் அடுத்த மாதம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மிச்சத் துணியைத் தூக்கிப் போடாதீர்கள். ஒவ்வொரு குவில்ட்டிலும் ஓரப்பட்டித் துணியில் ஒரு முழமாவது எடுத்து, எண் சீட்டோடு கவரில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் கழித்து அந்த மகள் பேரனின் குவில்ட்டோடு வந்தார், ஒரு மூலையை நாய் கடித்துக் குதறியிருந்தது. கவர் எண் 6, பச்சைக் கட்டம் போட்ட துணி. அரை மணி நேர வேலை.